வியர்வையைப் பயம் என்று எண்ணும் பதக்கம்

உடலின் பதற்றத்தைக் கேட்டு மணம் விடும் கழுத்துப் பதக்கம். யோசனை என்னுடையதல்ல. எம்.ஐ.டி. மீடியா லேப்பில் ஜூடித் அமோரெஸும் குழுவினரும் 2018இல் அறிமுகப்படுத்திய 'பயோஎசென்ஸ்', மார்பின் மெல்லிய அதிர்வில் இதயத் துடிப்பையும் மூச்சையும் பிடித்து, மூன்று மணங்கள் வரை விடும். அது ஆய்வுக்கூட மாதிரி. ஆகவே மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு மேசையிலேயே ஒன்று செய்தேன். செய்தவனே விமர்சிக்கிறேன், தள்ளுபடி செய்து வாசிக்கவும்.

விரலில் சிவப்பொளியும் அகச்சிவப்பும் பாய்ச்சித் துடிப்பை எண்ணும் மாக்ஸ்30102 சென்சர், உள்ளங்கை ஈரத்தை அளக்க இரண்டு உலோகத் தகடுகள், மூளையாக ஈஎஸ்பி32, நீர்மத்தைப் பனிப்புகையாக்க 113 கிலோஹேர்ட்ஸில் அதிரும் துளைத்தகடு. கறுவா எண்ணெயைத் தனியே ஊற்றினேன், தகடு அடைத்துக்கொண்டது. சிறிது மதுசாரத்தில் கரைத்துத் தண்ணீரில் கலந்த பிறகே புகைந்தது. முதல் மூச்சில் கறுவாவை முந்திக்கொண்டு மருந்துக்கடை வாசம்.

காற்றாடிக்குக் கீழே அருமையாக வேலை செய்தது. மனக்கணக்குப் போட்டுத் திணறினால் ஒரு வீச்சு, விட்டுவிட்டால் அமைதி.

பகல் இரண்டு மணிக்கு வாவிக்கரைக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டது. பயந்தால் உள்ளங்கை வியர்க்கும், வியர்த்த தோலில் மின்சாரம் இலகுவாக ஓடும். தகடுகள் நம்பியிருப்பது இதை. மட்டக்களப்பு வெயிலில் பயப்படாதவன் கையும் நனைந்துதானே இருக்கும்! நான் தோணிக்காரர் வலை உதறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். பதக்கமோ நான் உயிர்ப் பயத்தில் இருப்பதாக முடிவுகட்டி விடாமல் புகைத்தது.

"என்ன தம்பி, நெஞ்சில சாம்பிராணியா கட்டியிருக்காய்?" என்றார் அவர்.

தகடுகளைக் கழற்றினேன். துடிப்பை மட்டும் வைத்து, அதையும் பொது அளவோடு ஒப்பிடாமல், அந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்து எடுத்த என் சொந்த அளவோடு ஒப்பிடச் செய்தேன். பொய்ப் புகை பெரும்பாலும் நின்றது. ஆனால் சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறினால் விரல் குலுங்கி எண்ணிக்கை தாறுமாறு.

மாலையில் வேறு சிக்கல். அளவு சரி, மணமும் வந்தது; வாவிக் காற்று அதைப் பக்கத்தில் கச்சான் கொறித்தவரிடம் கொண்டுபோனது. கருவாடு காயும் பக்கமோ கறுவாவுக்கு வாய்ப்பே இல்லை. வீட்டுக்குள் வாசம் நிற்கும், ஆனால் சில நிமிடங்களில் மூக்குப் பழகிவிடுகிறது. ஆகவே தொடர்ந்து விடாமல் விட்டு விட்டு விடுவதே நல்லது.

அம்மா கேட்கிறார், இதை உடுப்பு அலுமாரிக்குள் வைக்கலாமா என்று.