எது பிரதி? – பழைய ஊடகமும் புதிய ஊடகமும்

பழைய ஊடகம் ஒருவழி, புதிய ஊடகம் இருவழி என்பது நமது கட்டுரையாளர்களிடம் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதியதும் வானொலி முஸ்லிம் சேவைக்குத் தபாலட்டை போட்டதும் என்ன, ஒருவழியா? தாமதம் இருந்தது, ஆசிரியரின் கத்தரிக்கோல் இருந்தது. அவ்வளவுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. லெவ் மனோவிச் 2001இல் வெளிவந்த நூலில் புதிய ஊடகத்துக்கு ஐந்து பண்புகள் சொல்கிறார். அவற்றுள் மாறுந்தன்மைதான் இலக்கியம் படிக்கிற நமக்கு முக்கியம். அங்கே எதுவும் முடிந்த வடிவில் நிற்பதில்லை. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் அச்சேறியது. குறைநிறை எதுவானாலும் அந்த எழுத்து நிற்கிறது. தமிழ் நாவல் வரலாற்றில் அதன் இடம் எது என்று இன்றைக்கும் நாம் சண்டை பிடிக்கலாம். முகநூல் கவிதையை எழுதியவரே பின்னேரம் மாற்றலாம், இரவில் அழித்தும் விடலாம்.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சு இல்லை. 2020 ஏப்ரலில் தகனத்தைக் கட்டாயமாக்கிய வர்த்தமானி வந்ததிலிருந்து 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் வரை எழுதப்பட்ட ஜனாஸாக் கவிதைகளில், நான் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை முகநூலில் வந்தவை. சும்மா சொல்லக் கூடாது, பிறந்து இருபது நாளான சிசு எரிக்கப்பட்டதும், கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியதும் உடனுக்குடன் கவிதையானது புதிய ஊடகத்தால்தான். காலாண்டிதழ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

ஆனால் அவற்றுள் ஒரு கவிதை வட்ஸ்அப்பில் எனக்கு மூன்று விதமாக வந்தது. ஒன்றில் கவிஞர் பெயர் இல்லை. ஒன்றில் கடைசி இரண்டு வரி இல்லை. மற்றதில் யாரோ ஒரு துஆவைச் சேர்த்திருந்தார்கள். உயர்தர வகுப்பில் மூன்றையும் வைத்தேன். "சேர், இதுல எது சரியான கவித?" என்று ஒரு பிள்ளை கேட்டது. திறனாய்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நாட்டார் கவிக்கும் பெயர் இல்லையே என்பார்கள். கிழக்கிலங்கைக் கவிகளில் பெயர் மறைந்தது, பலபேர் பாடிப் பாடித் தங்கட பாட்டாக ஆக்கிக்கொண்டதால். வட்ஸ்அப்பில் ஒருத்தர் பெயரை வெட்டுகிறார், நூறு பேர் முழுசாக வாசிக்காமலே கடத்துகிறார்கள். இதைப் 'புதிய வாய்மொழி மரபு' என்று கொண்டாட என்னால் முடியாது. ஓலைச்சுவடியிலும் பாடபேதம் உண்டுதான். ஆனால் ஒப்புநோக்கச் சுவடிகள் கையில் இருந்தன. கணக்கு மூடப்பட்டால் எதை எதனோடு ஒப்புநோக்குவது?

நூலகம் நிறுவனம் 2005 முதல் நமது பழைய அச்சுப் பிரதிகளை இணையத்தில் ஏற்றி வருகிறது. பழையதைப் புதியது காப்பாற்றுகிறது. புதியதைக் காப்பாற்ற அச்சுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து மாதக் கவிதைகளைத் தொகுக்க நினைப்பவர் கவிஞர்களிடமே போய், பதிவிட்ட திகதியையும் பிறகு செய்த திருத்தத்தையும் கேட்டுக் குறிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் தங்கள் கணக்குகளை ஏற்கனவே மூடிவிட்டார்கள்.