குறுக்குக் கம்பியும் கொசுவமும்

ஆனி, ஆடியில் சின்னமனூரிலிருந்து கம்பத்துக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்காற்றின் அருமை தெரியும். மலை இடைவெளியில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அது; ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுதான். இதில் கூடுதல் பாடு லேடீஸ் சைக்கிளில் போகிறவருக்கு. ஹேண்டில்பார் உயரம் என்பதால் நிமிர்ந்து உட்கார வேண்டும். காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்க வேண்டும்.

இப்படி ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று சைக்கிளைப் பிரித்ததற்கு முதல் காரணம் உடல் அல்ல, உடை. 1880களின் இறுதியில் இங்கிலாந்தில் நீண்ட பாவாடைக்காகத் தாழ்த்திய குறுக்குக் கம்பி, நம்மூர்ச் சேலைக்கும் தாவணிக்கும் அப்படியே பொருந்திவிட்டது. செயின் கவரும் சேர்ந்துகொள்ள, கொசுவம் சிக்காமல் பெண்கள் வெளியே போக முடிந்தது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வேட்டியும் கைலியும் கட்டிய சம்சாரிக்கும் இதே தொல்லை இருந்ததே! அவருக்காக யாரும் கம்பியைத் தாழ்த்தவில்லை. மடித்துக் கட்டிக்கொள் என்று விட்டுவிட்டோம். இன்று பள்ளி மாணவி போடுவது சுடிதார். காரணம் போய்விட்டது, கம்பி மட்டும் வளைந்தே நிற்கிறது.

மேல் கம்பியை எடுப்பதற்கு விலையும் உண்டு. முக்கோணச் சட்டம் முறுக்கைத் தாங்கும். அது இல்லாமல் அதே உறுதி வேண்டுமென்றால் குழாய் தடிக்க வேண்டும், எடை ஏறும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி ஓட்டிய பெண்களும் அங்கே இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! மறுபக்கம், கேரியரில் புல்லுக்கட்டு உயர்ந்து நிற்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற எந்த ஆணாலும் முடியாது. மூட்டுவலிக்காரப் பெரியவருக்கு ஏற்றது லேடீஸ் சைக்கிள்தான். ஆக, கம்பியின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது சுமையும் வயதும்.

உடல் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சராசரியாகப் பெண்களின் இடுப்பெலும்பு அகலம், கை சிறிது. அகலமான சீட்டும் விரலுக்கு எட்டுகிற பிரேக் பிடியும் அவர்களுக்கு வேண்டும். இவையெல்லாம் கழற்றி மாட்டும் பாகங்கள். சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு சைக்கிள் நிறுவனமே, ஓட்டுநர்களின் உடல் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பெண்களுக்கெனத் தனிச் சட்டம் செய்வதைக் கைவிட்டது.

2001இல் மாணவிகளுக்காகத் தொடங்கி மாணவர்களுக்கும் விரிந்த தமிழக அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டம் மட்டும் இன்னும் பால் பார்த்தே வண்டி தருகிறது. உத்தமபாளையத்தில் ஒரு பதினோராம் வகுப்பை வரிசையில் நிறுத்திப் பாருங்கள். நெடிய பெண்ணும் குட்டைப் பையனும் எத்தனை பேர்! உயரம் பார்த்துக் கொடுப்பதே நியாயம். எதிர்ப்பு வருமென்றால் அது பையன்களிடமிருந்துதான் வரும். ஜென்ட்ஸ் சைக்கிளில் போகும் பெண்ணை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ‘அக்கா வண்டியாடா?’ என்ற கேலி பையனைத்தான் துரத்துகிறது. ரெண்டு மாதிரிக்கும் ஒரே நிறம் அடித்து, பட்டியலில் ஆண், பெண் என்பதற்குப் பதிலாக அங்குலத்தை எழுதினால் பாதிக் கேலி அடங்கும்.