தலைமுறை அட்டவணையும் பாட்டிமார் பெயரும்

புனித மத்தேயு தம் நற்செய்தியைத் தலைமுறை அட்டவணையோடு தொடங்குகிறார். வெறும் பெயர் வரிசையென்று நாம் கடந்துவிடும் அப்பகுதி, குடும்ப வரலாறு எழுத விழைவோர்க்கு நல்லதோர் இலக்கணம்.

ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரை மும்முறை 14 தலைமுறைகள் என்பது அவர் வகுத்த கட்டுக்கோப்பு. அதில் அகசியா, யோவாசு, அமட்சியா ஆகிய 3 அரசர்கள் இடம்பெறவில்லை. ஆனால் தாமார், இராகாபு, ரூத்து ஆகியோர் இடம்பெறுகின்றனர். பத்சேபாவோ 'உரியாவின் மனைவி' என்றே குறிக்கப்படுகிறார். தாவீதின் குற்றம் அவர் வழிமரபிலேயே பதிவாகிவிடுகிறது.

நம் இல்லங்களில் வெளியாகும் குடும்ப மலர்களை இதனோடு ஒப்பிடுக. பட்டமும் பதவியும் பெற்றோர் பக்கங்களை நிரப்புகின்றனர். வறுமையுற்றோரும், குலம் மாறி மணந்தோரும், பாட்டிமாரும் காணப்படுவதில்லை. நடை சிறந்திருப்பினும் அவை பாதி வரலாறே.

மறுபாதியைத் தேடப் பங்கின் பதிவேடுகள் உதவும். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பேணுமாறு திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. திருமுழுக்குப் பதிவில் பெற்றோரோடு ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பின்னாளைய திருமணமும் அதே ஏட்டில் குறிக்கப்படல் வேண்டும். வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் தடத்தை அக்குறிப்பு காட்டக்கூடும். பங்குத்தந்தையின் இசைவோடு அதனைக் காணலாம். கல்லறைக் கற்களையும் முதியோர் நினைவுகளையும் அதனோடு ஒத்துப் பார்க்கலாம்.

தேடலைத் தந்தைவழிப் பெரியவரிடமிருந்தன்று, தாய்வழிப் பாட்டியிடமிருந்து தொடங்குவது நலம். மத்தேயு அந்நால்வரையும் எழுதத் துணிந்தார். நாம் மறந்துபோன ஒரு பாட்டியின் பெயரையேனும் எழுதி வைப்போமாக.