தந்தத்தில் நின்ற நாயக்கர்கள்

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயில் அருங்காட்சியகத்தில் செப்பேடுகள், நாணயங்கள், போர்க்கருவிகள் ஆகியவற்றுடன் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களும் இருக்கின்றன. திருமலை நாயக்கர் (1623–1659), அரசியர், காதலர் இணைகள் எனப் பல உருவங்கள்.

செப்பேடு யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும். அரசர் என்ன உடுத்தினார் என்று சொல்லாது. அதைத் தந்தம் சொல்கிறது. தலையில் குல்லாய், காதில் கனத்த அணிகள், இடையில் மடிப்பு மடிப்பாக இறங்கும் ஆடை. பெண்ணுருவங்களில் கொண்டையின் சாய்வையும் நகைகளின் வரிசையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரண்மனை ஒப்பனை அறையே அங்கே தெரிகிறது.

தந்தம் வளைந்தது, அடிப்பகுதி உள்ளீடற்றது. உருவத்தின் பருமனையும் நிற்கும் நிலையையும் அதற்குள்தான் அடக்க வேண்டும். மரத்தைவிட இழை நெருக்கமானது என்பதால் விரல்நகம், மணிமாலை அளவுக்கு நுணுக்கம் கைகூடுகிறது. கருங்கல்லில் இவ்வளவு மென்மை அரிது.

1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாதர் குடும்பத்துடன் கைகூப்பி நிற்கும் உருவங்கள் கோயிலுக்குள்ளேயே கண்ணாடிப் பேழையில் உள்ளன. முடிமன்னராக அல்ல, அடியாராகத் தெரியவே அவர் விரும்பியிருக்கிறார். நகைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்!

பிற்கால நாயக்கர்கள் கொலுவிருந்த கட்டடத்தைக் காணக் காவிரியைக் கடந்தால் போதும். திருச்சி மலைக்கோட்டை அருகே ராணி மங்கம்மாள் மகால் இன்று அரசு அருங்காட்சியகம்.