பேரோநாய் திரும்பி வந்ததா?

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் தன் அட்டையில் ஒரு வெள்ளை ஓநாயின் படத்தை வெளியிட்டு, 'அற்றுப்போனது' என்ற பொருள்படும் சொல்லைக் கோடு போட்டு அடித்திருந்தது. பனி யுகத்தில் வாழ்ந்த 'டையர் உல்ஃப்' என்னும் பேரோநாய் மீண்டும் பிறந்துவிட்டதாம். வாசகர்களே, அந்தச் சொல்லை அடித்தது சரிதானா என்று சற்றுக் கணக்குப் பார்ப்போம்.

பேரோநாய் ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள வேட்டை விலங்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள லா பிரேயா தார்க் குழிகளில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட பேரோநாய்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. எலும்பின் ஒற்றுமையைக் கொண்டு இதனைச் சாம்பல் ஓநாயின் நெருங்கிய உறவு என்று நெடுங்காலம் கருதினர். ஆனால் 2021இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, இவ்விரு மரபுகளும் சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன எனக் கணித்தது. அதனால் 1918இல் மெரியம் சூட்டிய 'ஈனோசையன்' என்ற தனிப் பேரினப் பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது.

கொலோசல் நிறுவனம் செய்தது என்ன? சாம்பல் ஓநாயின் உயிரணுவில் 14 மரபணுக்களில் 20 இடங்களை மாற்றியது. அதன் உட்கருவை நாயின் முட்டையில் செலுத்தி, வளர்ந்த கருக்களை வீட்டு நாய்களின் கருப்பையில் வைத்தது. இவ்வாறு மூன்று குட்டிகள் பிறந்தன.

ஓநாயின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் உள்ளன. இவ்விரு விலங்குகளும் 99.5 சதவீதம் ஒத்தவை என்று நிறுவனமே கூறுகிறது. மீதி அரை சதவீதம் என்பது 1.2 கோடி எழுத்துகள்! மாற்றியதோ 20 இடங்கள். அதாவது 6 லட்சத்துக்கு ஒன்று. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான் இது. இவை 20 மாற்றங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்களே என்று அந்நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் பெத் ஷாபிரோவும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இரத்தத்திலிருந்து உயிரணுவைப் பிரித்துக் குட்டியை உருவாக்கியது உண்மையான சாதனை. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பிழை, அதற்கு இட்ட பெயரில்தான்.

பெயர்தானே, போகட்டும் என்று விட முடியாது. செய்தி வந்தவுடனேயே அமெரிக்க உள்துறைச் செயலர் டக் பர்கம், உயிரினப் பாதுகாப்புக்குச் சட்டக் கட்டுப்பாடுகளைவிடப் புதுமை ஆக்கமே வழி என்ற கருத்தில் இதனை வரவேற்றார். அழிந்ததை மீட்கலாம் என்று நம்பிவிட்டால், இருப்பதைக் காக்க யார் பாடுபடுவார்கள்?

அட்டையில் ஒரு சொல்லை அடிக்க ஒரு கோடு போதும். இயற்கையில் அது அடிபடவில்லை. பேரோநாய் அற்றுப்போனதுதான்.