தீவகத்தில் 4ஜி ரவுட்டர்: விளக்குகளும் பொத்தான்களும் உணர்த்துவன

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டுடன் இணைந்திருக்க, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறியே செல்ல வேண்டியிருப்பதால், பழுதாகிவிட்டது என்று கருதப்படும் ஒரு ரவுட்டரை நகரத்துக்குக் கொண்டுசென்று காட்டித் திரும்புவது நெடுந்தீவு வாசிக்கு ஒரு முழுநாள் வேலையாகிவிடுகிறது. ஆகவே, கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே கோபுரத்தில் இருக்கிறதா என்பதைச் சாதனத்தின் முகப்பே எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதைக் கொண்டே, சிம் அட்டையில் இயங்கும் வீட்டு ரவுட்டர்களை இங்கு மதிப்பிட வேண்டும். அவ்வகையில் பரவலாக அறியப்பட்ட ஹுவாவே பி310 இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பவர் விளக்கு எரிவது 12 வோல்ட் மின்சாரம் சாதனத்துக்கு வந்துசேர்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள் என்பதாலும், அங்கு சூரியவொளி, காற்று, மின்கலம் ஆகியவற்றை இணைத்த மின்னுற்பத்தித் தொகுதிகளை அமைப்பதற்கான ஒப்பந்தம் இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில்தான் கைச்சாத்தானது என்பதாலும், இவ்விளக்கை அற்பமாக எண்ண முடியாது. 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை இணைத்திருக்கும் வீட்டில் மின்சாரம் தடைப்பட்ட வேளையிலும் பவர் விளக்கு எரிந்துகொண்டிருக்க, வலையமைப்பு விளக்கு மட்டும் சிவப்பாக மாறுமானால், கோபுரமே மின்னிழந்து ஓய்ந்திருக்கக்கூடும். அயல்வீட்டுக் கைபேசியிலும் அதே நிறுவனத்தின் கவறேஜ் இல்லையென்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

இச்சாதனத்தின் மிகப் பயனுள்ள விளக்கு அந்த வலையமைப்பு விளக்குத்தான். பச்சை கலந்த நீலம் 4ஜி இணைப்பையும், நீலம் 3ஜி இணைப்பையும், மஞ்சள் 2ஜி இணைப்பையும் காட்ட, சிவப்பு இணைப்பு கிடைக்கவில்லை என்பதை அறிவிக்கிறது. ஒரே விளக்கில் இத்தனை செய்தி அடங்கியிருப்பது வசதியே எனினும், பட்டப்பகல் வெளிச்சத்தில் பச்சை கலந்த நீலத்தையும் நீலத்தையும் பிரித்தறிவது இயல்பான பார்வை உடையவருக்கே கடினம். நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களை இவ்வடிவமைப்பு கணக்கில் எடுக்கவேயில்லை. 4, 3, 2 என்ற எண்களுக்குப் பின்னால் தனித்தனி விளக்குகளை வைத்திருந்தால் எவருக்கும் குழப்பம் நேர்ந்திராது.

வைபை விளக்கு எரியும்போது இணையம் இருக்கிறது என்று கொள்வதே மிகப் பரவலான தவறு. அவ்விளக்கு ரவுட்டருக்கும் கைபேசிக்கும் இடையிலான கம்பியில்லா அலைபரப்பு இயங்குகிறது என்பதையே சொல்கிறது. டேட்டா முடிந்திருந்தாலும், சிம் அட்டை கழன்றிருந்தாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும்.

தீவகத்தில் அதிகம் ஏமாற்றுவது சிக்னல் விளக்கு. அது கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையைக் காட்டுகிறதேயன்றித் தரத்தைக் காட்டுவதில்லை. 50 மீற்றர் உயரமான கோபுரத்தின் வானலைத் தொடுவானம் ஏறத்தாழ 29 கிலோமீற்றர் வரை விரிவதாலும், திறந்த கடல்மேல் அலையை மறிக்கக் கட்டடமோ மரமோ இல்லாததாலும், கரையோர வீட்டின் ரவுட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட கோபுரங்களின் அலைகளை ஒருசேரப் பெற்று, அவை ஒன்றையொன்று குழப்ப, சிக்னல் நிறைந்திருந்தும் வேகம் குறைந்த நிலை தோன்றுகிறது. இதனைக் கண்டறிய, உலாவியில் 192.168.8.1 என்ற முகவரியைத் திறந்து சாதனத் தகவல் பக்கத்தைப் பார்க்கலாம். அங்கு ஆர்எஸ்ஆர்பி எனப்படும் வலிமை அளவு மறை 80 டெசிபெல்மில்லிவாற்றுக்கு அருகில் இருப்பது நன்று, மறை 110-க்குக் கீழே இறங்குவது நலிவு; சிக்னலுக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதமான எஸ்ஐஎன்ஆர் 20 டெசிபெல்லைத் தாண்டினால் சிறப்பு, சுழியத்துக்குக் கீழே போனால் வேகத்தை எதிர்பார்க்க இயலாது. ரவுட்டரைத் தடித்த முருகைக்கற் சுவருக்குள் வைக்காமல் யன்னலோரம் நகர்த்துவதும், கோபுரத் திசை நோக்கிய வெளி அன்ரெனாவைப் பொருத்துவதும் இவ்விரு எண்களையும் உயர்த்தக்கூடும்.

பொத்தான்களைப் பொறுத்தவரை, டபிள்யூபிஎஸ் என்பது கடவுச்சொல் தட்டாமலே கருவியை இணைப்பதற்கானது. அழுத்திய பின் 2 நிமிடங்களுக்கு மட்டும் வாயில் திறந்திருக்கும். அழுத்தும் முறையில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே வசதியின் 8 இலக்க இரகசிய எண் முறையை 11,000 முயற்சிகளுக்குள் உடைக்கலாம் என்று 2011-இல் வெளிப்பட்டதால், அம்முறையை அமைப்புப் பக்கத்தில் அணைத்துவிடுவதே முறை.

ஊசிமுனையால் அழுத்த வேண்டிய ரீசெற் துளை மறுதொடக்கத்துக்கானதன்று. விளக்கு சிமிட்டும்வரை அதை அழுத்தினால் வைபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமன்றி, நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழையத் தேவையான ஏபிஎன் அமைப்பை வீட்டார் கையால் மாற்றியிருந்தால் அதுவும் அழிந்துவிடும். நன்றாக இயங்கிய ரவுட்டர் உண்மையிலேயே நகரத்துக்குப் போக வேண்டிய நிலைக்கு வருவது பெரும்பாலும் இதன் பிறகே. சாதாரண மறுதொடக்கத்துக்கு மின்பொத்தானே போதும். சிம் அட்டையைக் கழற்றுவதாயினும் ரவுட்டரை அணைத்த பின்பே கழற்ற வேண்டும்.

வெளி அன்ரெனாவும் சிறு யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்க முடிந்த தீவக வீட்டுக்கு இச்சாதனம் பொருத்தமானதே. படகேறும் முன், எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்பதைக் கைபேசியில் படமெடுத்து, முதலில் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.