சூலூர்த் தட்டும் ஒப்புமை அளவையும்

கோவையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில், நொய்யலாற்றை அடுத்து அமைந்த பழம்பதி சூலூர். அவ்வூர்ப் பெருங்கற்காலப் புதைகுழிகளிற் கிடைத்த பொருள்களுள் இரண்டே ஈண்டு நமக்கு வேண்டுவன. ஒன்று, நடுவிந்தியாவின் எரண் என்னும் பழநகரைச் சார்ந்ததாகக் கண்டறியப்பட்ட காசு. மற்றொன்று, இலண்டன் மாநகரின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள மட்கலத் தட்டு. அதன்கண் கீறற் குறிகள் வரிசையுற அமைந்துள்ளன. இவற்றால் இலக்கிய மாணவர்க்கு வரும் பயன் யாது எனின், ஒரு துறையினர் பிறிதொரு துறையின் முடிபை எடுத்தாளுங்கால் நேரும் இடர்ப்பாட்டை இவைபோல் எளிதிற் காட்டுவன அரிய என்போம்.

இக்காலத்து ஆய்வேடுகளின் முன்னுரையில், விளக்கமுறை, ஒப்பீட்டு முறை, வரலாற்று முறை, பகுப்பாய்வு முறை ஆகிய நான்கும் பின்பற்றப்பட்டன என்றொரு தொடர் தவறாது இடம்பெறுகின்றது. எம்முறை எவ்வியலில் எதனை நிறுவப் பயன்பட்டது என வினவின் விடை கிடைப்பதில்லை. திருமண அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் அச்சிடுவதுபோல முறைகளின் பெயரும் மரபு கருதி அச்சிடப்படுகின்றன! தொல்லியலாரிடம் ஒரு காலத்தை இரவல் பெறுவோர், அக்காலம் எவ்வாறு கணிக்கப்பட்டது எனக் கேட்பதில்லை. பிறரை மட்டும் குறை கூறுகின்றோமல்லோம். எம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டிலும் இப்பிழை உண்டு. அதனைச் சுட்டிக்காட்ட அன்று ஒருவரும் இலர்.

முதற்கண் காசை நோக்குவோம். காசொன்று புதைகுழியிற் கிடைப்பின், அக்குழி அக்காசினும் முற்பட்டதன்று என்பது உறுதி. எத்துணைப் பிற்பட்டது என்பதைக் காசு கூறாது. நம் பாட்டிமார் விக்டோரியா அரசியின் பொற்காசைக் கோத்து அணிந்ததுண்டு. அதனால் அவர்கள் அவ்வரசியின் காலத்தவர் ஆகார். 1842-இல் வெள்ளலூரிற் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுக் குவியலுக்கும் இதுவே நெறி. குவியலுள் மிகப் பிந்திய காசு எதுவோ, அதன்பின் என்றோ ஒரு நாள் அது புதைக்கப்பட்டது. அவ்வளவே கூறலாம். பாட்டில் யவனர் என்னுஞ் சொல் வருதலும் இத்தகைத்தே. அச்சொல் தமிழுக்கு வந்தபின் அப்பாட்டுப் பாடப்பட்டது என்பதற்கு மேல் ஒன்றும் பெறப்படாது. ஆயினும் அச்சொல் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு பாட்டிற்கு ஆண்டு கணிக்கும் கட்டுரைகள் இன்றும் வந்தவண்ணம் உள்ளன.

நொய்யலின் கீழ்ப்பகுதியில் உள்ள கொடுமணல் இதனினும் நுண்ணிய சிக்கலைத் தருவது. பதிற்றுப்பத்தின் 67, 74 ஆம் பாட்டுகளில் வரும் கொடுமணமே இவ்வூர் என்பர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர்ப் பிறரும் அங்கு அகழ்ந்தனர். கல்மணிகள் செய்த தொழிற்கூடங்களின் தடயங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. இலக்கியத்தார், அகழாய்வு பாட்டை மெய்ப்பித்தது என்றனர். அகழ்ந்தோரோ பாட்டைக்கொண்டே ஊரை அடையாளங் கண்டனர். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் இந்நிலை முற்றிலும் பிழையென்று தள்ளத்தக்கதன்று. ஊர்ப்பெயரைப் பாட்டுத் தந்திருக்கலாம். மணித்தொழிலின் கழிவுகளை மண்ணே தந்தது. அரிய கலங்கட்குப் பெயர்பெற்ற ஊராகப் பாட்டுச் சுட்டுதலும் அத்தொழிற் சான்றும் தனித்தனியே வந்து கூடுகின்றன, அக்கூட்டம் மதிக்கத்தக்கது. மதிக்கத்தகாதது, தொழிற்கூடத்தின் தொடக்கக் காலத்தைப் பாட்டின் காலமாக ஏற்றி உரைப்பது. பல நூற்றாண்டு நடந்த தொழிலின் எந்நாளிலும் அப்பாட்டுப் பாடப்பட்டிருத்தல் கூடும்.

இனித் தட்டிற்கு வருவோம். 1960-இல் பி. பி. லால் பெருங்கற்காலக் குறிகளுள் 89 விழுக்காடு செப்புக்கால, அரப்பாக் காலங்கட்குச் செல்லும் எனக் கணக்கிட்டார். 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட க. இராசன், இரா. சிவானந்தம் ஆகியோர்தம் ஆய்வு, 140 இடங்களின் ஓடுகளைத் தொகுத்து, தமிழ்நாட்டுக் குறிகளுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவற்றிற்குச் சிந்துவெளியில் ஒப்புமை உண்டு என்றது. தொகுப்பு பெரும்பணி, அதன் பயன் நெடுநாள் நிற்கும். எனினும் விழுக்காட்டின் பொருள் யாது என்று கேட்டல் வேண்டும். அவ்வாய்வு கொண்ட அடிப்படைக் குறிகள் 42, திரிபுகள் 544, கூட்டுக்குறிகள் 1,521. கோடு, கூட்டற்குறி, ஏணி, அம்பு, மீன் ஆகியவற்றைக் கீறாத மக்கள் அரியர். திரிபுகளைப் பெருக்குந்தோறும் எதனோடேனும் ஒன்று ஒத்துவிடும் வாய்ப்பும் பெருகும். தொடர்பே இல்லாத ஒரு நாட்டின் குறிகளை இதே அளவுகோலால் ஒப்பிட்டு, அங்கு எத்துணை விழுக்காடு வருகின்றது எனக் காட்டினாலன்றி 90 என்னும் எண் பேசாது. இயற்கை அறிவியலார் ஒரு மருந்தைச் சோதிக்குங்கால் மருந்துண்ணாத கூட்டத்தையும் உடன் வைத்துப் பார்ப்பது இதற்கே.

ஐராவதம் மகாதேவன் சூலூர்த் தட்டிற் கண்டது வேறு வகைத்து. அவர் தனிக்குறிகளை எண்ணாது, தட்டிலுள்ள குறிகளின் கோவை அரப்பாவிற் கிடைத்த சிறு பலகை ஒன்றின் கோவையை வியப்புற ஒத்திருத்தலைக் காட்டினார். வடிவ ஒப்புமையினும் வரிசை ஒப்புமை வலிது. எழுத்துகள் ஒத்தல் வேறு, தொடர் ஒத்தல் வேறு அன்றோ? விழுக்காடுகளினும் இவ்வொரு தட்டினையே யாம் பெரிதாக மதிப்போம். ஆயின் அது ஒன்றே ஒன்று.

மணிமேகலை சமயக்கணக்கர் காதையில் அளவைகளுள் ஒப்புமையும் எண்ணப்படுகின்றது. காட்டுவிலங்காகிய கவயம் ஆவினை ஒக்கும் என்று அறிந்தோன் ஒருவன் முன்சொல்லக் கேட்டவன், காட்டில் அதனைக் கண்டு இஃது அதுவே எனத் தெளிதல் அவ்வளவை. ஆண்டு ஆவினை அவன் முன்னரே அறிந்துளான். அறிந்தோன் சொல்லும் உண்டு. சூலூர்த் தட்டும் அரப்பாப் பலகையும் இன்னும் ஐயமறப் படிக்கப்படாதன. அறியாத ஒன்று அறியாத பிறிதொன்றை ஒக்கின்றது என்பது கண்டவரை மெய். அவற்றின் மொழி ஒன்று என்பது அவ்வளவையால் எய்தாத முடிபு. அதற்கு வேறு அளவை வேண்டும். நொய்யற் கரையின் ஓடுகளுள் இரண்டும் இரண்டின் மேற்பட்டனவுமாகிய குறிகள் ஒரே வரிசையில் எத்துணை முறை மீள்கின்றன என எண்ணுதல் அவ்வழியில் முதல் அடியாகும். அவ்வெண்ணிக்கைக்குச் சிந்துவெளியின் துணை தொடக்கத்தில் வேண்டுவதில்லை; தொகுக்கப்பட்ட ஓடுகளும், இரண்டாண்டுப் பொறுமையுடைய ஒரு மாணவரும் போதும்.